தாதர் – மாதுங்காவின் முனைக் கடைகள்: இரு போர்களுக்கு இடைப்பட்ட ஒரு வணிக மரபு

பம்பாயில் ‘இரானி’ என்னும் சொல் ஒரு மக்கட் பிரிவினரை மட்டுமன்றி ஒரு கடை வகையையும் குறிக்கும். இரு தெருக்கள் கூடும் முனையில் அமைந்து, தேநீரும் ரொட்டியும் ஒருபுறமும், சோப்பு, தீப்பெட்டி, மெழுகுவத்தி முதலிய வீட்டுப் பொருள்கள் மறுபுறமும் விற்கும் சிறு கடை அது. இக்கடைகள் முனைகளில் அமைந்தமைக்கு ஒரு காரணம் வழக்கமாகக் கூறப்படுகிறது. இந்து வணிகர் முனை மனையைத் தீயதெனக் கருதி விலக்கினர் என்றும், அதனால் குறைந்த வாடகைக்குக் கிடைத்த அவ்விடங்களை ஈரானியர் பெற்றனர் என்றும் எழுதுவர். நகரின் வடபால் அமைந்த தாதர், மாதுங்கா புறநகர்களின் வரலாற்றோடு வைத்துப் பார்த்தால் இக்காரணம் போதுமானதாகத் தோன்றவில்லை.

கடைக்காரர்கள் பாரசீகத்தின் யஸ்து, கெர்மான் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். ஜரதுஷ்டிர சமயத்தவர் பெரும்பாலோர்; யஸ்திலிருந்து வந்த முஸ்லிம்களும் இத்தொழிலில் இருந்தனர். ஜரதுஷ்டிரர் மீது விதிக்கப்பட்டிருந்த ‘ஜிசியா’ தலைவரி, பம்பாய்ப் பார்சியரின் சார்பில் 1854இல் அனுப்பப்பட்ட மானெக்ஜி லிம்ஜி ஹதாரியாவின் நெடிய முயற்சிக்குப் பின் 1882இல் நீக்கப்பட்டது. வறுமையும் வறட்சியும் நீங்காமையால் குடிப்பெயர்வு இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே வந்து குசராத்தியைத் தாய்மொழியாக்கிக் கொண்ட பார்சியரினின்றும் இவர்கள் வேறாகவே எண்ணப்பட்டனர்.

இவர்கள் குடிபுகுந்த புறநகரோ முற்றிலும் திட்டமிட்டு எழுப்பப்பட்டது. 1896இல் பம்பாயில் கொள்ளைநோய் பரவியதன் விளைவாக 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் நிறுவப்பட்டது. அதன் ஐந்தாம், ஆறாம் திட்டங்களே தாதர் – மாதுங்கா, சயான் – மாதுங்கா பகுதிகளை உருவாக்கின. நிலம் பல்லாண்டு வெறுமையாகக் கிடந்தது. முதல் உலகப் போருக்குப் பின்னரே கட்டடங்கள் விரைந்து எழுந்தன. விக்டோரியா டெர்மினசிலிருந்து குர்லா வரையிலான துறைமுகப் பாதையில் 1925 பிப்ரவரி 3 அன்று மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. டிரஸ்ட் 1933இல் மாநகராட்சியோடு இணைந்தபோது இப்புறநகர் உருப்பெற்றுவிட்டது.

முனைக் கடையின் தோற்றத்தை இத்திட்டத்திலேயே தேடவேண்டும். பழைய நகரின் ஒட்டிய வீட்டு வரிசைகளைக் கண்டு அஞ்சிய டிரஸ்ட், காற்றும் வெளிச்சமும் புகும் தனிக் கட்டடங்களை விரும்பியது. எதிர்க் கட்டடத்தின் உயரத்தை 63½ பாகை ஒளிக்கோணத்தால் வரையறுக்க வேண்டுமென அதன் தலைவர் ஜே. பி. ஓர் வற்புறுத்தியது இக்கருத்தினாலேயே. நேர்த் தெருக்கள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் அமைப்பில் முனைகள் மிகுதியாயின. பெருந்தெருக்களில் தரைத்தளத்தில் கடையும் மேலே குடியிருப்பும் அமைந்தன. முனைக் கட்டடத்தின் கூர்மை சரிவாக வெட்டப்பட்டபோது கடைக்கு இரு தெருவிலும் வாயில் கிடைத்தது. வாடிக்கையாளரை இரு வழியாலும் ஈர்க்கும் இடத்தை எந்த வணிகனும் எளிதில் விடமாட்டான். தமிழர் மனைநூல் வழக்கில் அஞ்சப்படும் ‘தெருக்குத்து’ என்பதும் வேறு. அது எதிரே வந்து முட்டும் தெருவுக்கு நேரான மனையைக் குறிக்குமேயன்றி முனை மனையைக் குறிக்காது. தமிழ்நாட்டில் ‘முக்குக்கடை’ நல்ல விற்பனைக்குரிய இடமாகவே மதிக்கப்படுகிறது. நம்பிக்கை சில இடங்களில் வாடகையைக் குறைத்திருக்கலாம். ஆனால் முனையைப் படைத்தது நம்பிக்கையன்று.

கடையின் உள்ளமைப்பும் இம்முனையை ஒட்டியதே. வளைமர நாற்காலிகளும் சலவைக்கல் பதித்த மேசைகளும் நடுவில் இருக்கும். வாயிலருகே உயர்ந்த கல்லாவில் உரிமையாளர் அமர்ந்திருப்பார். அவர் முன்னே பிஸ்கோத்து நிறைந்த கண்ணாடிச் சாடிகளும், பின்னே வீட்டுப் பொருள் அடுக்கிய அலமாரியும் இருக்கும். சுவர்க் கண்ணாடிகள் அழகுக்காக மட்டும் வைக்கப்பட்டவை அல்ல. இரு வாயில்களையும் ஒருவரே கண்காணிக்க அவை உதவின. பல கடைகளில் பின்புறமே ரொட்டி அடுப்பும் இருந்தது. விடியலில் முதல் ரயிலுக்குச் செல்வோர்க்கும், இரவு மில் வேலை முடிந்து வருவோர்க்கும் கடை திறந்திருக்க வேண்டியிருந்தமையால் பங்காளிகள் பலர் கூடி முறைவைத்து நடத்தினர். விற்ற பொருள்களின் பெயர்களிலேயே பம்பாயின் வணிக வரலாறு படிந்துள்ளது: ‘பாவ்’ போர்ச்சுக்கீசியம், வெண்ணெயைக் குறிக்கும் ‘மஸ்கா’ பாரசீகம். ‘பிஸ்கோத்து’ தமிழிலும் போர்ச்சுக்கீசிய வழியே வந்த சொல்.

மாதுங்காவில் இக்கடைகளின் அண்டை வீட்டாராய் அமைந்தவர் தமிழர். அரசு, ரயில்வே, தனியார் அலுவலகங்களில் எழுத்தராகவும் சுருக்கெழுத்தாளராகவும் பணிபுரிந்த தென்னிந்தியர் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இங்குக் குடியேறினர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் நிறுவப்பட்டது. இக்குடியேற்றத்தைத் தமது 2013ஆம் ஆண்டு நூலில் ஆராய்ந்த நிக்கில் ராவ், புறநகர்க் குடியிருப்பு வாழ்வே இவர்களை ‘தென்னிந்தியர்’ என்னும் ஓர் அடையாளத்துள் கொணர்ந்தது என்பதை விரிவாகக் காட்டியுள்ளார். இவர்களுள் ஆசாரம் பேணியோர்க்கு முட்டையும் ரொட்டியும் விற்கும் மேசை விலக்கு. சோப்பும் தீப்பெட்டியும் விற்ற கல்லா அவ்வாறன்று. இங்ஙனம் ஒரே கடையின் ஒரு பாதி சிலர்க்கு உரியதாகவும் மறுபாதி அனைவர்க்கும் உரியதாகவும் இருந்தமை, உணவு வழி நின்ற சமூக எல்லையின் நுட்பத்தைக் காட்டும். உணவுத் தேவையை உடுப்பி விடுதிகள் நிறைவு செய்தன, ஏ. ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் 1942இல் மாதுங்காவில் தொடங்கப்பட்டது.

இரு போர்களுக்கு இடைப்பட்ட காலத்துக் கடைகள் அதன் பின்னரும் நெடுங்காலம் மாறாதிருந்தமைக்குப் பழமைப் பற்றைக் காரணமாகக் கூறுவர். சட்டத்தை நோக்குவது பயன் தரும். 1947ஆம் ஆண்டு பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1940 செப்டம்பர் 1இல் இருந்த வாடகையையே பெரும்பாலும் நிலையான வாடகையாக்கியது. முப்பதுகளில் முனையைப் பிடித்தவர் அக்கால வாடகையிலேயே ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தேநீரை மலிவாக விற்க முடிந்தது; சலவைக்கல் மேசையை மாற்ற வேண்டிய நெருக்கடியும் எழவில்லை. அச்சட்டமே வேறொரு கேட்டையும் செய்தது. வருவாய் குன்றிய கட்டட உரிமையாளர் பழுது பார்க்க முன்வரவில்லை. கடைக்காரரின் மக்களோ கல்வி பெற்று வேறு தொழில்களுக்குச் சென்றனர். நிலமதிப்பு பன்மடங்கு உயர்ந்தபோது முனை மனையே முதலில் விலை போயிற்று. ஐம்பதுகளில் பம்பாயில் சில நூறாக இருந்த ஈரானியர் கடைகள் இன்று சில பத்துகளாகச் சுருங்கியுள்ளன.

1995ஆம் ஆண்டு பெரும்பம்பாய் மரபுரிமை விதிகள், பட்டியலிடப்பட்ட கட்டடங்களை இடிப்பதற்கும் மாற்றுவதற்கும் முன் அனுமதியை வேண்டுகின்றன. கீழ்த்தளத்தில் நடக்கும் வணிகம் அவ்விதிகளின் வரம்புக்குள் வருவதில்லை. கட்டடத்தின் சரிவு முனையும் இரு வாயில்களும் அவ்வாறே இருக்க, உள்ளே கல்லாவும் சாடிகளும் நீங்கி மருந்துக் கடையோ வங்கியோ அமையலாம், அதற்குத் தடையில்லை.