வடக்குப்பட்டு மண்ணும் ஊர்வரலாற்றுக் கழகங்களும்

பொருள்களை உள்ளவாறு அறிதற்குரிய கருவியை அளவை என்பர் நூலோர். அளவைகள் பலவெனக் கூறுவார் உளராயினும், சைவசித்தாந்த ஆசிரியர்கள் அவற்றைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கிக் கொண்டனர். இவற்றுட் கருதலாவது, கண்ட ஒன்றைக்கொண்டு காணாத ஒன்றைத் துணிதல். மலைமேற் புகையைக் கண்டோன் ஆண்டு நெருப்பு உண்டெனத் துணிகின்றான். அங்ஙனந் துணிதற்குப் புகை மட்டும் போதாது; அப்புகை எழுகின்ற இடமும் அறியப்படல் வேண்டும். அவ்விடத்தையே பக்கம் என்றும், புகையும் நெருப்பும் ஒருங்கிருக்கக் கண்ட அடுக்களை போல்வதனைச் சபக்கம் என்றும், இரண்டும் இல்லாத மடுப் போல்வதனை விபக்கம் என்றும் அளவை நூலார் வகுத்தனர். பக்கம் இன்றேல் ஏது நிற்றற்கு நிலைக்களன் இல்லை.

சமய ஆராய்ச்சிக்கு வகுக்கப்பெற்ற இம்முறை வரலாற்று ஆராய்ச்சிக்கும் முற்றும் பொருந்துவதாம். நிலத்திற் கிடைக்கும் கருவியும் கலமும் காட்சிக்குரியன. அவற்றைக்கொண்டு பண்டையோர் வாழ்க்கையைத் துணிவது கருதல். கல்வெட்டும் செப்பேடும் வழிவழி வந்த செவிவழிச் செய்தியும் உரையின்பாற் படும். இம்மூன்றற்கும் பக்கமாய் நிற்பது ஊர். எவ்வூரில், எம்மேட்டில், எவ்வடுக்கிற் கிடைத்ததென்பது தெரியாத ஓடு, மலையினின்று பிரிந்த புகை போல்வது; அதனைக்கொண்டு ஒன்றுந் துணிய இயலாது. ஊர்வரலாற்றுக் கழகங்களின் தொண்டு எத்துணை இன்றியமையாதது என்பதை இவ்வுண்மை ஒன்றே விளக்கும்.

காஞ்சிபுரம் மாவட்டம் குன்றத்தூர் வட்டத்தில், ஒரகடத்திற்கு அண்மையில் வடக்குப்பட்டு என்னுஞ் சிற்றூர் உள்ளது. திருப்பெரும்புதூரும் ஒரகடமும் சூழ்ந்த இந்நிலப்பகுதி ஏரிகளும் வயல்களும் நிறைந்திருந்தது. இருபதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு இஃது இயந்திரத் தொழிற்சாலைகளின் பெருவெளியாக மாறிவருகின்றது. சீருந்தும் சரக்குந்தும் மின்கருவியும் செய்யுஞ் சாலைகள் இங்கு நிறைந்துள்ளன. நிலத்தைச் சமன்செய்வதும், மண்ணை அகழ்ந்து வேறிடத்துக்குக் கொண்டுபோவதும் நாள்தோறும் நிகழ்வன. இத்தகைய நிலத்திடையே, 2022-ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறையின் சென்னை வட்டத்தார் வடக்குப்பட்டில் அகழாய்வு நிகழ்த்தினர்.

அவ்வகழாய்வில் வெளிப்பட்டவை ஒரு காலத்துக்கு உரியன அல்ல. கீழடுக்கில் கற்கருவிகள் மிகுதியாகக் கிடைத்தன. மக்கள் அவ்விடத்தே இருந்து கருவி செய்தனர் என்று கருதத்தக்க நிலையில் அவை காணப்பட்டன. அவற்றின் காலம் ஏறத்தாழ 12,000 ஆண்டுகட்கு முற்பட்டதென அகழ்ந்தோர் மதிப்பிட்டனர். மேலடுக்கில் சங்ககாலத்தைச் சார்ந்த மட்கல ஓடுகளும், உரோமரது மதுச்சாடியின் உடைந்த துண்டுகளும், கண்ணாடி மணிகளும், சிறிய பொன்னணித் துண்டுகளும் கிடைத்தன. பல்லவர் காலத்து எச்சங்களும் அப்பகுதியிற் காணப்பட்டன. வேட்டையாடித் திரிந்த மக்களும், கடல்கடந்து வாணிகஞ் செய்தாரோடு தொடர்புகொண்ட மக்களும், கோயில் எடுத்த மக்களும் ஒரே மண்ணின்மேல் அடுத்தடுத்து வாழ்ந்தனர் என்பது இதனாற் புலனாகின்றது.

ஈண்டு ஒன்று சிந்திக்கற்பாலது. அவ்வோடுகளையும் மணிகளையும் மண்வாரும் பொறி ஒன்று அள்ளிக்கொண்டுபோய் எங்கோ ஒரு சாலைக்கு அடியிற் கொட்டியிருப்பின், ஓடு ஓடாகவே இருந்திருக்கும். மணியும் மணியாகவே இருந்திருக்கும். ஆயினும் அவை சான்றாகா. கல்லின்மேல் ஓடும், ஓட்டின்மேற் செங்கல்லும் அமைந்த முறைமையே அவற்றிற்குப் பேசும் ஆற்றலைத் தருகின்றது. அம்முறைமை ஒருமுறை குலைந்தால் மீட்டும் அமைத்தல் யாவராலும் ஆகாது.

இதே நிலப்பரப்பில்தான் இந்திய நாட்டுப் பழங்கற்கால ஆராய்ச்சியும் தோன்றியது. நிலநூல் ஆராய்ச்சித் துறையில் அலுவல் பார்த்த இராபர்ட் புரூஸ் பூட் என்பார் 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள் பல்லாவரத்திற் கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில், அவரும் வில்லியம் கிங் என்பாரும் கொற்றலையாற்றுப் பகுதியிலுள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டனர். பூட் தம் வாழ்நாளெல்லாந் தேடித் தொகுத்த பொருள்கள் 1904-ஆம் ஆண்டிற் சென்னை அரசினர் பொருட்காட்சிச்சாலையைச் சேர்ந்தன. அவர் 1912-இல் மறைந்தபின், 1914-இல் அத்தொகுப்பின் விளக்கப் பட்டியல் அச்சேறியது. எக்கருவி எவ்வூரில் எந்நிலத்தில் கிடைத்தது என்னுங் குறிப்பு அப்பட்டியலில் இருத்தலால் அன்றோ, பிற்காலத்தார் அவ்வூர்கட்கு மீண்டுஞ் சென்று ஆராய இயன்றது! அத்திரம்பாக்கத்திற்கு அங்ஙனஞ் சென்று, பல ஆண்டு அகழ்ந்தாய்ந்த சாந்தி பப்பு முதலியோர், அங்குள்ள தொன்மையான கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழமையுடையன என்று 2011-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒருவர் எழுதிவைத்த ஊர்க்குறிப்பு ஒன்றரை நூற்றாண்டின் பின்னும் பயன் தந்தது.

அரசினர் துறைகளே இப்பணியைத் தொடங்கின என்று கருதுவார் உளர். அஃது உண்மையன்று. கற்றோர் தாமே கூடிச் சென்னையில் 1812-ஆம் ஆண்டில் ஒரு கலைக்கழகம் நிறுவினர். அக்கழகத்தார் தொகுத்த கற்களும் கனிப்பொருள்களுமே 1851-இல் அரசினர் பொருட்காட்சிச்சாலை தோன்றுதற்கு முதலாயின. அதற்கு முன்னரே, காலின் மெக்கன்சி என்பாரின்கீழ்ப் பணியாற்றிய காவலி வேங்கட போரய்யா, இலட்சுமய்யா முதலிய இந்நாட்டறிஞர்கள் ஊர்தோறுஞ் சென்று ஊர்க்கணக்கையும், தலச்செய்திகளையும், கல்வெட்டுக்களின் படிகளையும் திரட்டினர். அச்சுவடிகளுட் பல சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நிலையத்திற் பாதுகாக்கப்பட்டுள்ளன. ஆங்கு எழுதப்பெற்ற ஊர்ச்செய்திகளை உரைத்த முதியோர் மறைந்தனர். அவர் உரை மறையவில்லை.

1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கமும், 1911-இல் கரந்தைத் தமிழ்ச் சங்கமும் தோன்றின. முன்னதன் இதழாகிய செந்தமிழும், பின்னதன் இதழாகிய தமிழ்ப்பொழிலும் இலக்கியத்தோடு கல்வெட்டாராய்ச்சிக்கும் இடந்தந்தன. தி. வை. சதாசிவ பண்டாரத்தார் போன்ற அறிஞர்கள் ஓரூரின் பெயரையும், ஒரு தலத்தின் வரலாற்றையும் கல்வெட்டுக்கொண்டு நிறுவும் நெறியை அவ்விதழ்களின் வாயிலாகத் தமிழ்மக்கட்குக் காட்டினர்.

இந்நெறியிற் சைவ நன்மக்கள் சிறப்பாக அறியத்தக்கது திருச்சிராப்பள்ளியிலுள்ள டாக்டர் மா. இராசமாணிக்கனார் வரலாற்றாய்வு மையம். பல்லவர் வரலாறும் சோழர் வரலாறும் எழுதிய இராசமாணிக்கனார், பெரியபுராணச் செய்திகளைக் கல்வெட்டுக்களோடு ஒப்புநோக்கி ஆராய்ந்த பேரறிஞர். அவர் பெயரால் அவர் மைந்தரும் கண்மருத்துவருமாகிய இரா. கலைக்கோவன் 1982-ஆம் ஆண்டில் இம்மையத்தை நிறுவினார். மருத்துவம், கல்லூரியாசிரியப் பணி முதலிய வேறு தொழிலில் இருந்தோர் ஓய்வு நாட்களிற் கோயில்தோறுஞ் சென்று, அளந்தும் படித்தும் எழுதியும் வந்தனர். பழுவூர்க் கோயில்களையும், மகேந்திரர் குடைவரைகளையும், தஞ்சைத் தளிச்சேரிக் கல்வெட்டையும் பற்றிய நூல்கள் அவ்வுழைப்பின் விளைவுகள். வரலாறு என்னும் ஆய்விதழும் இம்மையத்தினின்று வெளிவந்தது. தஞ்சையில் தோன்றிய தமிழகத் தொல்லியல் கழகம் 1991-ஆம் ஆண்டு தொட்டு ஆவணம் என்னும் இதழை வெளியிட்டு, ஊர்தோறும் ஆசிரியரும் ஆர்வலரும் புதிதாகக் கண்ட கல்வெட்டுக்களின் பாடத்தை அச்சேற்றி வந்துள்ளது.

இக்கழகங்களின் தொகுப்பு யாது? கண்ணாடிப் பேழையில் அடுக்கிய பொருள்கள் அல்ல; படிகளும் குறிப்புக்களுமே. கல்வெட்டை நீரால் துலக்கி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டித் தூரிகையால் தட்டி, எழுத்தின் பள்ளத்துள் தாளைப் பதியச்செய்து, பின்பு மையை ஒற்றுவர். கல்லின் மேற்பரப்புக் கருமையாகவும் எழுத்து வெண்மையாகவும் தாளில் அமையும். இதுவே மைப்படி. கல் கோயிலிலேயே நிற்கும். அதன் உரை உலகெங்குஞ் செல்லும். சுவரின் எத்திசையில், எப்படையில், எத்தனை வரியில் எழுத்து உள்ளதென்னுங் குறிப்பும் உடன் எழுதப்படும். பொருளை அதன் இடத்தினின்று பெயர்க்காமலே அதன் பயனைக் கொள்ளும் இம்முறை, பக்கத்தைக் காக்கும் முறையாதல் காண்க.

இவ்வுழைப்பினாற் சைவம் பெற்ற பேறு சிறிதன்று. திருஞானசம்பந்தப் பெருமான் அருளிய திருவிடைவாய்ப் பதிகம் ஏடுகளில் வழங்காது மறைந்திருந்தது. 1917-ஆம் ஆண்டில் அத்தலத்துக் கல்வெட்டினின்று அது கண்டெடுக்கப்பட்டது. ஏடு காவாததைக் கல் காத்தது. அக்கல்லைப் பயனற்றதென ஒருவர் பெயர்த்திருப்பின் அப்பதிகம் என்னாயிருக்கும்! 1987-இல் விழுப்புரம் பகுதியிலுள்ள எசாலத்துச் சிவாலயத்தில் திருப்பணி நிகழ்ந்தபோது, முதலாம் இராசேந்திர சோழன் காலத்துச் செப்பேடுகளும் செப்புத்திருமேனிகளும் வெளிப்பட்டன. 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திற் சீகாழிச் சட்டைநாதர் திருக்கோயிலில், குடமுழுக்கின் வேள்விச்சாலைக்கு மண்ணெடுத்தபோது, இருபதுக்கு மேற்பட்ட திருமேனிகளும், தேவாரம் பொறித்த நானூற்றுக்கு மேற்பட்ட செப்பேடுகளும் கிடைத்தன. மண்ணின் கீழ்ப் பொன்னைத் தேடுவோர்க்கு அவை செம்புத் தகடுகள். அருமை அறிந்தோர்க்கு அவை திருமுறை.

இனி, இழப்பின் பக்கத்தையும் நோக்குதல் வேண்டும். தொழிற்சாலைக்கு மண்ணெடுப்போர் மட்டுமே பழமையை அழிக்கின்றனர் என்று கூறி அமைதல் நடுவுநிலையாகாது. அடியார்கள் அன்பினாற் செய்யுந் திருப்பணியிலும் அழிவு நேர்ந்துள்ளது. மணலைக் காற்றின் விசையால் வீசிச் சுவரைத் துலக்கியதனால் எழுத்துக்கள் மழுங்கிய கோயில்கள் பல. வண்ணமும் சுண்ணமும் பூசப்பட்டு மறைந்த கல்வெட்டுக்களும் பல. பழைய அடித்தளத்தைப் பிரித்துத் திரும்பக் கட்டுங்கால் வரிசை மாறி, ஒரு கல்வெட்டின் தலை ஒரு புறமும் அடி மறுபுறமுமாக நிற்பனவும் உண்டு. தேய்ந்த எழுத்தினையுடைய அக்கல்லிலேதான், அத்தலத்தில் விளக்கெரிக்க ஆடு விட்டவர் பெயரும், திருப்பதியம் ஓதுவார்க்கு நிலம் ஈந்தவர் பெயரும், ஏரிக்கு மதகு வைத்தவர் பெயரும் உள்ளன. கோயிலைப் புதுக்கும் அன்பு, அக்கோயிலைத் தந்த அன்பரின் பெயரை அழித்தல் தகுமோ?

வடக்குப்பட்டை ஒத்த ஊர்களில் ஊர்வரலாற்றுக் கழகம் ஒன்று அமைதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஊரின் மேடுகள், ஏரிகள், பாழடைந்த கோயில்கள், நடுகற்கள், தனித்து நிற்குஞ் சிவலிங்கங்கள் ஆகியவற்றின் பட்டியல் ஒன்று முதற்கண் எழுதப்படல் வேண்டும். வயல்களின் பழம்பெயர்களை முதியோர்பாற் கேட்டு எழுதுதல் அடுத்தது. நிலம் தொழிற்சாலைக்குரியதாயபின் அதன் எண் எஞ்சுமேயன்றிப் பெயர் எஞ்சாது. திருப்பணி தொடங்குமுன் கோயிற் சுவர் முழுவதையும் நிழற்படமாக எடுத்துவைத்தல் மூன்றாவது. மண்ணினின்று பொருள் வெளிப்படின், அதனைக் கழுவவோ பெயர்க்கவோ முற்படாது, கிடந்த நிலையையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு உரிய அலுவலர்க்கு அறிவித்தல் நான்காவது. புதைபொருள் பற்றிய 1878-ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்ட ஆட்சியர்க்கு அறிவித்தலைக் கடமையாக்கியது. தொல்பொருள் பற்றிய 1972-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றின் விற்பனையைக் கட்டுப்படுத்தியது. ஆதலிற் கழகத்தார் பொருளைத் தமதாக்கிக் கொள்ளுதல் முறையன்று. அவர்க்குரிய செல்வம் குறிப்பேடே.

வடக்குப்பட்டு அமைந்த வட்டத்தின் தலைமையூராகிய குன்றத்தூர், சேக்கிழார் பெருமான் அவதரித்த பதி என்பதைச் சைவருலகம் நன்கறியும். சோழப் பேரரசின் அமைச்சராய் விளங்கிய அவர், சுந்தரமூர்த்தி நாயனாரின் திருத்தொண்டத் தொகையையும், நம்பியாண்டார் நம்பிகளின் அந்தாதியையும் முதலாகக்கொண்டு, அடியார்களின் வரலாற்றை விரித்தோதினார். ஒவ்வோரடியாரையும் அவரவர் நாடு, ஊர், குடி, தொழில் ஆகியவற்றோடு பொருத்திக் கூறுவது அவர் கையாண்ட முறை. அன்பின் திறத்தைக் கூறுவார்க்கு ஊரின் திறம் எதற்கென்று அவர் எண்ணினாரல்லர். அடியார் வாழ்ந்த வயலும் வீதியும் தெரிந்தவழியன்றோ, அவர்தம் தொண்டு இம்மண்ணில் நிகழ்ந்ததென்னும் உறுதி கற்பார்க்கு உண்டாகும்! மலை தெரிந்தவழிப் புகை சான்றாதல்போல, ஊர் தெரிந்தவழி வரலாறு உண்மையாகின்றது.

அப்பெருமான் பிறந்த நாட்டிலே, மண் நாள்தோறும் பெயர்க்கப்படுகின்றது. தொழில் பெருகுதல் மக்கள் வாழ்வுக்கு வேண்டுவதே. அதனைத் தடுத்தல் எவர்க்கும் கருத்தன்று. பெயர்க்குமுன் ஒருமுறை பார்த்தலும், பார்த்ததை எழுதிவைத்தலுமே வேண்டுவன. பன்னீராயிரம் ஆண்டு ஒருவரும் தொடாது கிடந்த அடுக்கு, ஒரு பகற்பொழுதில் இல்லாது போகின்றது. ஒவ்வோர் ஊரிலும் இருவரேனும் மூவரேனும் கூடிக் குறிப்பேடு ஒன்றைத் திறப்பாராயின், சேக்கிழார் வகுத்த நெறியில் நின்றவராவர். அத்தொண்டிற்குத் திருவருள் துணைநிற்க.