பழைய காயல்: பொருநை நதி தந்ததும் கொண்டதும்



தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில், தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்திற்கு அருகில் பழைய காயல் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. பேருந்தில் கடந்து செல்வோர் பனை மரங்களையும் உப்பளங்களையும் மட்டுமே காண்பர். ஆனால் இந்த மண்ணின் பெயர் ஒரு காலத்தில் பாரசீக வளைகுடாவின் துறைமுகங்களிலெல்லாம் ஒலித்தது.

பொதிகை மலையில் பிறக்கும் பொருநை நதி காலமெல்லாம் வண்டல் மண்ணைச் சுமந்து வந்து கழிமுகத்தில் சேர்த்தது. கடல் விலகியது. முத்துக்குளிப்பால் புகழ்பெற்று, கிரேக்க நூல்களிலும் இடம்பெற்ற பாண்டியரின் கொற்கைத் துறைமுகம் இவ்வாறே கடலை இழந்தது. இன்று அது கடலுக்குப் பல கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவே இருக்கின்றது. கொற்கை கைவிட்ட வாணிபத்தைக் காயல் ஏற்றுக்கொண்டது. காயல் என்றால் கடலையொட்டிய உப்பங்கழி என்று பொருள்.

கி.பி. 1292ஆம் ஆண்டளவில் இக்கரைக்கு வந்த வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ, ஹுர்முஸ், கீஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றி வரும் கப்பல்கள் யாவும் காயலில் தங்கிச் சென்றதாகக் குறிப்பிடுகின்றார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் செய்தி இன்னும் விரிவானது. கீஸ் தீவின் அதிபர் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டிற்கு அனுப்ப உடன்பாடு செய்திருந்தார். ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தீனார். வழியில் கடலில் இறந்த குதிரைக்கும் பாண்டிய அரசு விலை கொடுத்தது! ஜமாலுத்தீனின் சகோதரர் தகீயுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டிய மன்னரின் அமைச்சராக விளங்கினார். காயல் உள்ளிட்ட துறைமுகங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. சமயம் வேறாயினும் நாணயமும் நம்பிக்கையும் அவர்களை இணைத்தன என்பது நாம் பெருமையுடன் நினைவுகூரத் தக்கது.

ஆனால் நதி ஓயவில்லை. கொற்கைக்கு நேர்ந்தது காயலுக்கும் நேர்ந்தது. முகத்துவாரம் தூர்ந்து, கப்பல்கள் வேறு துறைகளை நாடின. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் காலத்தில் ஆற்றின் வாயிலிலுள்ள புன்னைக்காயல் முன்னிலை பெற்றது. 1870களில் இப்பகுதியை ஆராய்ந்த கால்டுவெல், மண்ணில் சிதறிக் கிடந்த சீனப் பீங்கான் துண்டுகளைக் கண்டு, மார்க்கோ போலோ கூறிய காயல் இதுவே என முடிவு செய்தார்.

இன்று இங்கு செல்வோர் கழிமுகத்தின் அலையாத்திக் காடுகளையும், அருகே கொற்கையின் தொன்மையான வன்னி மரத்தையும், பாண்டியரின் நாணயச் சாலை இருந்ததாகக் கூறப்படும் அக்கசாலையையும், புன்னைக்காயலின் மீன்பிடிப் படகுகளையும் காணலாம்.

நதியின் வலிமை பழங்கதையன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி பெருக்கெடுத்துக் கரையோர ஊர்களைச் சூழ்ந்தது. அத்தகைய ஒரே வெள்ளத்தில் வீட்டுப் பொருட்களோடு பழைய ஏடுகளும் பத்திரங்களும் அழிந்துபோகக் கூடும்.

ஆகவே, பெரியவர்களே, இளைஞர்களே! வஸ்ஸாஃப் எழுதி வைத்ததால்தான் காயலின் குதிரைக் கணக்கை இன்று நாம் அறிகின்றோம். நம் பள்ளிவாசலின் பழைய கணக்கேடுகள், வக்ஃபு பத்திரங்கள், மையவாடியிலுள்ள மீஸான் கற்களின் எழுத்துக்கள் ஆகியவற்றைப் படியெடுத்துப் பாதுகாப்பது நம் பொறுப்பாகும். துறைமுகம் தூர்ந்தால் மீட்பது அரிது; நினைவு தூர்ந்துவிடாமல் காப்பது நம் கையில் இருக்கின்றது.