ஊறலும் கயிறும்

2024 ஜூன் 18, 19 தேதிகளில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்களில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் தலித்துகள், தினக்கூலிகள். சாராயத்தில் இருந்தது மெதனால். முதல் சாவுகள் விழுந்தபோது மாவட்ட நிர்வாகம் அவை சாராயச் சாவுகள் அல்ல என்று சொன்னது. அந்தச் சொல்லை நம்பி, இழவு வீட்டுக்கு வந்தவர்களும் குடித்தார்கள். அடுத்த சில நாட்களில் ஒரு குரல் எழுந்தது: விற்றவனைத் தூக்கில் போடு.

இந்தக் குரலை அறிவாளித்தனமாகப் புறந்தள்ளிவிட முடியாது. அதன் நியாயம் எளிமையானது, கனமானது. ஒருவனைக் குத்திக் கொன்றவனுக்குச் சட்டத்தில் கயிறு உண்டு. ஒரு தெருவையே கொன்றவனுக்கு ஏன் கூடாது? ஏழையின் உயிருக்கு விலை குறைவு என்பதைத் தவிர வேறென்ன பதில் இருக்கிறது?

நம் மரபில் இரண்டு பதில்களும் இருக்கின்றன. நாம் வழக்கமாக ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்கிறோம். வள்ளுவர் செங்கோன்மை அதிகாரத்தில் கொலையிற் கொடியவரை அரசன் ஒறுப்பதைக் களையெடுப்புக்கு ஒப்பிட்டார். கன்றுக்காக மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன் சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் சிலையாக நிற்கிறான். ஆனால் தமிழின் முதல் பெரும் காப்பியம் ஒரு தவறான மரண தண்டனையின் மேல் கட்டப்பட்டது. கோவலன் விசாரிக்கப்படவில்லை. பொற்கொல்லன் ஒருவனின் சாட்சியம் போதுமானதாக இருந்தது. பிறகு அரசனுக்கு உண்மை தெரிந்தபோது திருத்துவதற்கு எதுவும் மிச்சமில்லை, தன் உயிரைத் தவிர. இளங்கோவை இத்தனை ஆண்டுகள் கற்பின் கவியாகவே படித்துவந்தது நம் பண்டிதர்களின் சாமர்த்தியம்.

சட்டத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1955 வரை, கொலை வழக்கில் தூக்கு தராத நீதிபதிதான் காரணம் எழுத வேண்டியிருந்தது. 1973-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இதைத் தலைகீழாக்கியது, தூக்கு தருபவர் சிறப்புக் காரணம் எழுத வேண்டும் என்று. 1980-இல் பச்சன் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் ‘அரிதினும் அரிது’ என்ற சொல்லைக் கொடுத்தது. ஐந்து பேரில் ஒருவரான பகவதி மட்டும் மறுத்தார். இந்தத் தண்டனை பெரும்பாலும் ஏழைகளின் மேல்தான் விழுகிறது என்பது அவர் வாதங்களில் ஒன்று. அதற்கும் முன்பே, 1949 ஜூன் 3 அன்று அரசியல் நிர்ணய சபையில், மரண தண்டனையையே ஒழித்துவிடுவது மேல் என்று அம்பேத்கர் சொல்லியிருந்தார். சபை அதைக் கேட்டுக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போயிற்று. 2024 ஜூலை 1-இல், கருணாபுரத்துச் சாவுகள் நடந்து இரண்டு வாரம் கூட ஆகாத நிலையில், நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமும் கயிற்றைக் கைவிடவில்லை.

கருணாபுரத்துக்குப் பிறகு போலீஸ் போன இடம் மலை. கல்வராயன் மலையில் ஊறல் அழிக்கப்பட்டதாகச் செய்திகள் தினமும் வந்தன: வெல்லமும் வேலம்பட்டையும் ஊறிய பேரல்கள், கவிழ்க்கப்பட்ட பானைகள். படிப்பவனுக்கு, விஷம் அங்கிருந்துதான் இறங்கி வந்தது போல் தோன்றும். மலையில் காய்ச்சுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் வெல்லம் ஊறினால் கிடைப்பது எதனால். சாவு விளைவிக்கும் அளவு மெதனாலை எந்தப் பானையிலும் காய்ச்ச முடியாது. அது ஆலைச் சரக்கு. லாரியில் வருகிறது, ரசீது உண்டு, உரிமம் உண்டு. பானையை உடைப்பது சுலபம், ரசீதைத் தொடர்ந்து போவது கஷ்டம்.

இந்த மலையின் சரித்திரம் தெரியாமல் அதன் ஊறலைப் பற்றிப் பேசக்கூடாது என்று எனக்குப் படுகிறது. மலையாளிகள் என்று அழைக்கப்படும் இம்மக்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் கதையில், காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள். மலை சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. 1948-இல் சட்டம் வந்து சமவெளியின் ஜமீன்கள் ஒழிந்தன. ஜாகீர் ஒழியவில்லை. சுதந்திரம் வந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1976-இல்தான் அரசாங்கம் மலையை எடுத்துக்கொண்டது. நெருக்கடி நிலையின் நடுவில், நாடு முழுவதும் தன் உரிமைகளை இழந்திருந்த வருஷத்தில், கல்வராயன் மலை குடியரசுக்குள் வந்து சேர்ந்தது. இதைவிடக் கசப்பான நகைச்சுவையை நம் நாவலாசிரியர்கள் யாரும் கற்பனை செய்ததில்லை.

ராஜாஜி 1937-இல் மதுவிலக்கை முதன்முதலாகக் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். கல்வராயன் மலையின் மேற்குப் பகுதி அந்த மாவட்டத்தில்தான் கிடக்கிறது. பிறகு அரசு 1971-இல் கடை திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது, 2003-இல் சில்லறை விற்பனையைத் தானே ஏற்றது. சமவெளியில் எது குற்றம், எது வருமானம் என்பது இப்படி மாறிக்கொண்டே இருந்தது. சாமையும் மரவள்ளியும் கடுக்காயும் தவிர அதிகம் விற்க இல்லாத மலையில் ஊறல் மட்டும் எப்போதும் குற்றமாகவே நின்றது. 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே ஒரு வழக்கை எடுத்துக்கொண்டு, சாலையும் பள்ளியும் மருத்துவமும் இம்மக்களுக்கு ஏன் போய்ச் சேரவில்லை என்று கேட்டது. அதற்கு 60-க்கும் மேற்பட்ட பிணங்கள் தேவைப்பட்டன.

தூக்கு பயமுறுத்தும் என்ற வாதத்துக்குச் சோதனை ஏற்கெனவே நடந்துவிட்டது. 2009-இல் அகமதாபாத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் விஷச்சாராயத்தால் இறந்த பிறகு, குஜராத் மரண தண்டனைக்கு வழிவகுத்துச் சட்டம் இயற்றியது. 2022 ஜூலையில் அதே குஜராத்தில், போடாட் பகுதியில், 40-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். உத்தரப் பிரதேசம் 2017-இல் கயிற்றைச் சேர்த்தது, 2021-இல் அலிகர். பீகாரில் 2016-இல் கோபால்கஞ்ச் கஜுர்பானியில் நடந்த சாவுகளுக்காக 2021-இல் ஒரே தீர்ப்பில் 9 பேருக்குத் தூக்கு விதித்தார்கள். அடுத்த ஆண்டே பாட்னா உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அந்த இடைவெளியில் கயிறு முந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கோவலன் கதை படித்தவர்களிடம் விளக்கத் தேவையில்லை.

தமிழ்நாடு அவ்வளவு தூரம் போகவில்லை. 2024 ஜூன் 29-இல் நிறைவேறிய மதுவிலக்குத் திருத்தம், சாவு விளைவிக்கும் சாராயத்துக்கு ஆயுள் கடுங்காவலும் 10 லட்சத்துக்குக் குறையாத அபராதமும் என்று நின்றது. நின்றது நல்லது. ஆனால் தண்டனையின் அளவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் வேறொன்று மறைந்துபோகிறது. கைதானவர்களில் அதே குடியிருப்பில் பாக்கெட் விற்றவர்களும் இருந்தார்கள். மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். இவ்விரண்டு வகை மனிதர்களையும் ஒரே தராசில் வைக்கும் சட்டம் எழுதப்படவில்லை. உயர்நீதிமன்றம் அவ்வாண்டு நவம்பரில் வழக்கைச் சி.பி.ஐ.க்கு மாற்றியது.

கயிற்றை எதிர்ப்பவர்களும் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கள்ளக்குறிச்சி அப்போது இருந்த அதே தென்னாற்காடு மாவட்டத்தில், பெண்ணாடத்துத் தமிழாசிரியர் புலவர் கலியபெருமாள் நக்ஸலைட் வழக்கில் மரண தண்டனை பெற்றார். தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டு 1983-இல் வெளியே வந்து, 2007 வரை வாழ்ந்தார். ஆந்திரத்தின் பூமையாவும் கிஷ்டா கௌடும் அந்த அதிர்ஷ்டம் இல்லாமல் 1975 டிசம்பர் 1-இல் தூக்கிலிடப்பட்டார்கள். இவர்களுக்காக எழுதியவர்கள், கையெழுத்து வாங்கியவர்கள் சரியான காரியம் செய்தார்கள். ஆனால் ‘அழித்தொழிப்பு’ என்ற பெயரில் நிலச்சுவான்தாருக்கு மறைவில் விதிக்கப்பட்ட தீர்ப்பு பற்றி அவர்களில் எத்தனை பேர் அதே சூட்டில் எழுதினார்கள்? நிலச்சுவான்தாரின் கொடுமை உண்மை என்பது இந்தக் கேள்விக்குப் பதிலாகாது. சாராயம் விற்றவனின் குற்றமும் உண்மைதான்.

தீர்ப்பே எழுதப்படாத தண்டனையும் இருக்கிறது. 2015 ஏப்ரல் 7-இல் சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் 20 தமிழர்களைச் செம்மரம் வெட்டியவர்கள் என்று சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்துக் கூலிகள். அவர்களில் மலையாளிகளும் உண்டு. அங்கே ‘அரிதினும் அரிது’ என்று யாரும் யோசிக்கவில்லை.

தமிழ்நாட்டில் கடைசியாகக் கயிறு ஏறியவர் ஆட்டோ சங்கர், 1995 ஏப்ரல் 27-இல், சேலம் மத்திய சிறையில். செய்த கொலைகளுக்கு அவருக்காகப் பரிந்து பேச ஒன்றுமில்லை. அவர் தொழிலைத் தொடங்கியது ஆட்டோவில் சாராயம் கடத்தி. தனக்கும் அதிகாரிகளுக்கும் இருந்த தொடர்பு பற்றிச் சிறையில் சுயசரிதை எழுதினார். அதை வெளியிடலாமா என்ற வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய், 1994-இல் பத்திரிகைச் சுதந்திரம் பற்றிய முக்கியமான தீர்ப்பாயிற்று. தீர்ப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. எழுதியவனை அடுத்த ஆண்டு தூக்கிலிட்டார்கள். அவன் குறிப்பிட்ட அதிகாரிகள் யாரும் கயிற்றின் பக்கம் வரவில்லை.