பருவ வழிபாடும் மாணவப் பிரசங்கியாரும்: காங்கிரிகேஷனல் சபைகளில் திருச்சபை ஆண்டு திரும்பிய விதம்

1659-ஆம் ஆண்டு மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்தின் பொதுமன்றம், கிறிஸ்துமஸ் நாளில் வேலையை நிறுத்துவோருக்கும் விருந்து கொண்டாடுவோருக்கும் ஐந்து ஷில்லிங் அபராதம் விதித்துச் சட்டம் இயற்றியது. 1681இல் சட்டம் நீக்கப்பட்டது. அதைப் பிறப்பித்த மனநிலை நீங்க மேலும் நெடுங்காலம் ஆயிற்று. அந்த மாநிலத்தில் கிறிஸ்துமஸ் சட்டப்படியான விடுமுறை ஆனது 1856இல்தான். பியூரிட்டன்களான அக்குடியேற்றத்தாரின் வழிவந்த காங்கிரிகேஷனல் சபைகள் இன்று திருவருகைக் காலத்தில் வாரத்துக்கொரு மெழுகுவர்த்தி ஏற்றுகின்றன. லெந்து நாட்களை அனுசரிக்கின்றன. பெரிய வெள்ளியன்று கூடுகின்றன. முன்னோர் வேரோடு பிடுங்கி எறிந்ததைப் பேரர் மறுபடி நட்டுக்கொண்டது எப்படி?

வரலாற்றாசிரியர்கள் வழக்கமாகத் தரும் விடைகள் மூன்று: அண்டை எபிஸ்கோப்பல் சபையின் ஈர்ப்பு, ஜெர்மானியக் குடியேறிகளின் பழக்கம், 19ஆம் நூற்றாண்டின் குடும்பப் பண்பாடும் ஞாயிறு பள்ளியும். மூன்றையும் நான் மறுக்கவில்லை. ஆனால் மூன்றுமே நகரத்தைப் பார்த்துச் சொன்னவை. நியூ ஹாம்ப்ஷயர் மலையூர்களிலும் மேய்ன் கடற்கரையிலும் இருந்த சிறு சபைகளில் இந்த ஆண்டு வட்டம் நிலைபெற்றதற்கு வேறொரு காரணமும் உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம். ஊரில் குடியிருந்த போதகர் போய், வாரக் கடைசியில் வந்துபோகும் இறையியல் மாணவர் பிரசங்க மேடை ஏறியபோது, வந்தவருக்கும் ஊராருக்கும் பொதுவான ஒரு கால அளவு தேவைப்பட்டது. திருச்சபை ஆண்டு அந்தத் தேவைக்குப் பொருந்தியது.

முதலில் முந்தைய நடைமுறையைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பியூரிட்டன்கள் பருவங்களை ஒழித்தார்கள் என்று எழுதுவது பாதி உண்மை. வேதம் கட்டளையிடாத பண்டிகைகளை ஒழித்தார்கள். ஆண்டின் 52 ஓய்வுநாட்களே போதும் என்றார்கள். அதே மூச்சில், கடவுள் இந்த ஊருக்கு இந்த ஆண்டில் செய்ததற்கு மறுமொழியாக உபவாச நாளும் நன்றி நாளும் குறித்தார்கள். நாளடைவில் உபவாச நாள் விதைப்புக்கு முந்திய வசந்தத்திலும், நன்றி நாள் அறுவடை முடிந்த இலையுதிர் காலத்திலும் ஊன்றிக்கொண்டன. அறிவிப்பவர் ஆளுநர், பொருள் சொல்பவர் போதகர். கனெக்டிகட்டில் 1797 முதல் வசந்த உபவாச நாளைப் பெரிய வெள்ளியிலேயே வைத்தது நம் கவனத்துக்குரியது. பண்டிகையை ஏற்காமலே அதன் நாளை ஏற்றுக்கொண்டார்கள்.

இந்த நாட்களின் பிரசங்கம் ஊரறிந்தவர் மட்டுமே செய்யக்கூடியது. 1735இல் நியூ ஹாம்ப்ஷயரின் கிங்ஸ்டனில் தொடங்கிய தொண்டை நோய் அந்த மாகாணமெங்கும் பரவிப் பிள்ளைகளைக் கொத்துக்கொத்தாகக் கொண்டுபோனது. போர்ட்ஸ்மத் போதகர் ஜாபெஸ் ஃபிட்ச், ஊர்வாரியாக இறந்தோர் கணக்கை எடுத்து 1736இல் அச்சிட்டார். அப்படிக் கணக்கெடுத்த ஒருவர் உபவாச நாளில் மேடையேறும்போது, எந்த வீட்டில் எத்தனை தொட்டில் வெறுமையாயிற்று என்பது அவர் நெஞ்சில் இருக்கும். அவருக்கு நாட்காட்டி தேவையில்லை. ஊரின் துயரமே அவருக்கு வேதபாடத்தைக் காட்டிக்கொடுக்கும். காங்கிரிகேஷனல் முறையும் இதையே எதிர்பார்த்தது. 1648இன் கேம்பிரிட்ஜ் அமைப்புவிதிப்படி, போதகரைத் தேர்ந்து அழைப்பது அந்தந்த ஊர்ச் சபை. அபிஷேகம் அந்த அழைப்போடு பிணைந்தது. ஒருவர் இருபது, முப்பது ஆண்டுகள் ஒரே ஊரில் இருந்து, ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளைக்கே கல்யாணமும் செய்துவைத்து, அங்கேயே அடக்கமாவது அரிய செய்தியன்று.

இந்த ஏற்பாட்டின் அடித்தளம் ஊர் வரி. அது பெயர்ந்தது. கனெக்டிகட்டில் 1818இலும், நியூ ஹாம்ப்ஷயரில் 1819இலும், மாசச்சூசெட்ஸில் 1833இலும் போதகருக்காக வரி தண்டும் உரிமை போயிற்று. இடையில், சபைச் சொத்து யாருக்கு என்ற வழக்கில் வந்த 1820இன் டெடம் தீர்ப்பு, பிரிந்துபோன பழைமைவாதச் சபையார் பலரைக் கட்டடமும் சொத்தும் இன்றி நிறுத்தியது. மேற்கே நல்ல நிலம் தேடி இளைஞர் போனார்கள். ஆலைகள் நகரத்துக்கு இழுத்தன. நாற்பது குடும்பம் இருந்த சபையில் பதினைந்து மிஞ்சினால், முழுநேரப் போதகருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்?

மறுபுறத்தில் இறையியல் கல்லூரிகள் எழுந்தன. 1808இல் ஆண்டோவர் திறக்கப்பட்டது. மேய்ன் பகுதியின் ஊர்ச் சபைகளை மனத்தில் வைத்து 1814இல் பாங்கர் கல்லூரி சாசனம் பெற்றது. ஏழை மாணவர்களைப் படிக்கவைக்க 1815இல் அமெரிக்கன் கல்விச் சங்கம் தோன்றியது. ஆளில்லாத மேடை ஒருபக்கம், கையில் காசில்லாத மாணவர் மறுபக்கம். சனி மாலை ஊருக்கு வந்து, டீக்கன் வீட்டில் தங்கி, ஞாயிறு பிரசங்கித்து, காணிக்கையில் ஒரு சிறு தொகை பெற்றுத் திரும்புவது ஒரு வழக்கமாயிற்று.

இதை ஒரு தற்காலிக ஒட்டுவேலை என்று பலர் எழுதிவிட்டுப் போகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. 1658இன் சவாய் அறிக்கை, பிரசங்கம் போதகருக்கு மட்டுமே உரியதன்று, வரம் பெற்று, அங்கீகரிக்கப்பட்ட பிறரும் அதை வெளிப்படையாகவும் தொடர்ந்தும் செய்யலாம் என்று தெளிவாக இடம் தருகிறது. ஆகவே மாணவர் மேடையேறியது விதிவிலக்கால் அன்று, விதியினாலேயே. ஆனால் திருவிருந்து மேசை அவருக்கு அடைத்தே இருந்தது. அதற்கு அபிஷேகம் வேண்டும். அபிஷேகத்துக்கு ஒரு சபையின் அழைப்பு வேண்டும். மாணவரை நம்பியிருந்த ஊரில் திருவிருந்து பக்கத்து ஊர்ப் போதகர் வரும் ஞாயிறுகளில் மட்டுமே நடந்தது. வார்த்தை வாராவாரம், அப்பமும் ரசமும் அவ்வப்போது என்ற இந்த இடைவெளியே சிறு சபைகளில் காலத்துக்கு ஒரு மேடுபள்ளத்தைக் கொண்டுவந்தது. சில ஞாயிறுகள் மற்றவற்றைவிடக் கனமானவை என்னும் உணர்வு, எல்லா ஓய்வுநாளும் சமம் என்ற கோட்பாட்டின் அடியிலேயே இப்படி வேர்விட்டது.

இனி முக்கியமான இடம். அந்த மாணவர் உபவாச நாளில் என்ன பேசுவார்? யார் வீட்டில் சாவு, எந்த வயல் பொய்த்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. ஊர்த் துயரத்தைப் படித்துப் பொருள் சொல்ல அவரிடம் ஆண்டுகள் இல்லை. அவரிடம் உள்ளது வேதாகமம். கல்லூரிச் சிற்றாலயத்தில் அவர் பழகிய வழிபாட்டு ஒழுங்கு. ஊராரிடமோ ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் பாட்டும் வசந்தத்தில் உயிர்த்தெழுந்த ஞாயிற்றின் பூக்களும் சேர்ந்துவிட்டிருந்தன. பிறப்பு, பாடு, மரணம், உயிர்ப்பு என்ற வரிசை அந்நியரும் ஊராரும் முன்னறிமுகம் இன்றிச் சந்திக்கக்கூடிய ஒரே இடம். ஆளுநரின் உபவாச நாளோ உயிரிழந்து, மாசச்சூசெட்ஸில் 1894இல் எடுக்கப்பட்டு, அதன் இடத்தில் தேசபக்தர் நாள் வைக்கப்பட்டது. நியூ ஹாம்ப்ஷயரில் அது 1991 வரை பெயரளவில் விடுமுறையாக இழுத்துக்கொண்டிருந்தது. பொருள் சொல்லும் ஊர்ப் போதகர் போன பிறகு, ஊருக்கென்று குறித்த நாள் நிற்க முடியாது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. பாஸ்டனிலும் புரூக்ளினிலும் நிலையான, புகழ்பெற்ற போதகர்களைக் கொண்ட பெரிய சபைகளே பண்டிகைகளை முதலில் வரவேற்றன. அங்கே மாணவர் எங்கே? மறுப்பு நியாயமானது. திருச்சபை ஆண்டு நகரத்தில்தான் தொடங்கியது. தொடக்கத்துக்குச் சொல்லும் காரணம் நிலைபேற்றுக்குப் போதாது என்பதுதான் என் பதில். நகரச் சபைக்கு அது அழகு. சிற்றூர்ச் சபைக்கு அது தேவை. போதகர் ஆண்டுக்கு ஆண்டு மாறும் இடத்தில், ஆள் மாறினாலும் மாறாத ஒன்றைச் சபையார் பிடித்துக்கொள்கிறார்கள். காங்கிரிகேஷனல் கிறிஸ்தவ சபைகளின் பொது மன்றத்துக்காக 1948இல் வெளிவந்த சுதந்திர சபைகளுக்கான வழிபாட்டு நூலிலும், 1992இல் பல சபைகளுக்கும் பொதுவாக வந்த மூன்றாண்டு வேதபாட அட்டவணையிலும் இந்த வட்டம் முறையான வடிவம் பெற்றது. வாரக் கடைசியில் வந்துபோகும் மாணவருக்கு அந்த அட்டவணை எத்தனை பெரிய துணை என்பதை மேடையேறிய எவரும் அறிவர்.

தமிழ் நாட்டு ஆய்வாளருக்கு இதில் நேரடியான அக்கறை உண்டு. இதே மரபைச் சேர்ந்த மிஷனரிச் சங்கமான அமெரிக்கன் போர்டு 1816இல் யாழ்ப்பாணத்துக்கும் 1834இல் மதுரைக்கும் வந்தது. வட்டுக்கோட்டை செமினரி 1823இல் தொடங்கியது. 1842இல் திருமங்கலத்தில் வில்லியம் டிரேசி தொடங்கிய செமினரி 1845இல் பசுமலைக்கு மாறியது. ஊர்தோறும் உபதேசியார் பிரசங்கிக்க, ஐயர் வரும் நாளில் மட்டும் திருவிருந்து நடக்கும் ஏற்பாடு நியூ இங்கிலாந்துச் சிற்றூரின் நிலைமையை அப்படியே நினைவூட்டுவது. ஆனால் இங்கே ஆண்டு வட்டம் பாட்டின் வழியாக வந்தது என்று கருதுகிறேன். மதுரை மிஷனின் எட்வர்ட் வெப் 1853இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கீர்த்தனைத் தொகுப்பில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பாடல்கள் இடம்பெற்றன. சாஸ்திரியார் லுத்தரன் மரபில் வளர்ந்தவர். பிறப்பும் பாடும் அந்த மரபில் பண்டிகைகள். பண்டிகையை விலக்கியோரின் பேரர் மிஷனரிகளாக வந்து, பண்டிகைப் பாடல்களைத் தாங்களே அச்சிட்டுக் கொடுத்தார்கள். நன்றி நாளோ இங்கே அறுப்பின் பண்டிகையோடு கலந்து, நெல்லும் கோழியும் பூசணியும் ஆலயத்துக்கு வந்து ஏலம் போகும் நாளாக நம் சபைகளில் இன்றும் நிற்கிறது. 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபை, 1947இல் தென்னிந்தியத் திருச்சபை என்று இணைந்தபோது, ஆங்கிலிக்கன் மரபின் முழு ஆண்டு வட்டத்தைக் காங்கிரிகேஷனல் வழிவந்த மதுரையும் யாழ்ப்பாணமும் பெரிய தடையின்றி ஏற்றதற்கு இந்த நெடிய முன்தயாரிப்பு ஒரு காரணம்.

இதிலிருந்து இன்றைய நடைமுறைக்கு ஒன்று சொல்லத் துணிகிறேன். இறையியல் மாணவர்களை இந்த ஞாயிறு ஓர் ஊர், அடுத்த ஞாயிறு வேறோர் ஊர் என்று சிதறி அனுப்பும் வழக்கம் மாணவருக்கும் நல்லதன்று, சபைக்கும் நல்லதன்று. ஒரு முழுப் பருவத்தை ஒருவர் கையில் கொடுக்க வேண்டும்: சாம்பல் புதன் முதல் உயிர்த்தெழுந்த ஞாயிறு வரை ஒரே ஊர், ஒரே மாணவர். ஏழு வாரத்தில் ஒருவர் ஊர்ப் போதகராகிவிட மாட்டார். ஆனால் யார் வீட்டில் நோய், யார் வயலில் தண்ணீர் இல்லை என்று கேட்டறிய ஏழு வாரம் போதும். ஃபிட்ச் செய்த அந்த வேலையைத் தொடங்கி வைக்கப் போதும். அட்டவணை தரும் பாடத்தையும் ஊர் தரும் பாடத்தையும் சேர்த்துப் படிக்கக் கற்றவரே பிரசங்கியார். பயிற்சித் திட்டம் வகுக்கும் கல்லூரிகளும், மாணவரை வரவேற்கும் சேகரங்களும் வரும் லெந்துக் காலத்திலேயே இதைத் தொடங்க வேண்டுகிறேன்.