கல்வேலிகளும் கடல்வழியும்: நெடுந்தீவின் சரித்திரம்

சரித்திரம் எனப்படுவது மன்னர் வரிசையும் போர்களின் பட்டியலுமே என்ற எண்ணம் நம் பாடநூல்களால் வளர்க்கப்பட்டதொன்று. அவ்வெண்ணத்தோடு நெடுந்தீவுக்குச் செல்பவர், கோட்டையின் இடிபாடுகளையும் குதிரை லாயத்தின் எச்சங்களையும் கண்டு திரும்பிவிடுவர். வழிநெடுகிலும் இருமருங்கும் நிற்கும் கல்வேலிகள் அவருக்குச் சரித்திரமாகத் தோன்றுவதில்லை. நாம் அவ்வேலிகளிலிருந்தே தொடங்குவோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தென்மேற்கே, பாக்கு நீரிணையில், மக்கள் வாழும் தீவுகளுள் மிகத் தொலைவில் உள்ளது நெடுந்தீவு. பரப்பளவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். தட்டையான சுண்ணாம்புக்கல் நிலம். அதன்மேல் மெல்லிய மண். ஆறில்லை, நன்னீர்க் கிணறுகளும் சில இடங்களிலேயே உண்டு. இந்நிலத்திலே கிடைத்த முருகைக்கற்களைச் சாந்தின்றி ஒன்றன்மேலொன்றாக அடுக்கி, காணிக்கு எல்லையும் கால்நடைக்குத் தடையும் அமைத்தனர் மக்கள். பனையையும் கடலையும் ஆநிரைகளையும் நம்பி வாழ்ந்த அவ்வுழைப்பாளிகளின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. வேலிகளே அவர்தம் கல்வெட்டு எனலாம்.

ஆள வந்தோர் இத்தீவை எவ்வாறு நோக்கினர்? 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் இதனைப் 'பசுக்களின் தீவு' என்றனர். 1658இல் அவர்களை வென்ற ஒல்லாந்தர், வேலணைக்கு லெய்டன், காரைதீவுக்கு அம்ஸ்ரடாம், அனலைதீவுக்கு ரொட்டர்டாம் எனத் தம் நகரப் பெயர்களைச் சூட்டினர். அவை மறைந்தன, 'டெல்வ்ற்' என்ற பெயர் மட்டும் ஆங்கில வழக்கில் இன்றும் நிலைத்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நோலன் என்ற பிரித்தானியப் படையதிகாரி இங்கே குதிரை வளர்ப்பை நடத்தினார். ஆட்சிகள் மாறினும் நோக்கு மாறவில்லை: தீவு ஒரு மேய்ச்சல் நிலம், மனிதர் அதன் பின்னணி.

இந்நோக்கு அந்நியரோடு ஒழிந்ததா என்பதே நம் வினா. அன்று விடப்பட்ட குதிரைகளின் வழித்தோன்றல்களைக் காணவே இன்றும் பலர் வருகின்றனர். 2015ஆம் ஆண்டு தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. குதிரைகள் காக்கப்பட வேண்டியவையே. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், கடுநோயுற்ற ஒருவர் யாழ்ப்பாணத்துப் பெருமருத்துவமனையை அடையக் குறிகட்டுவான் வரை கடல் கடந்தாக வேண்டும். கடல் கொந்தளித்தால் நோயாளியும் ஆசிரியரும் மாணவரும் துறையிலேயே காத்திருப்பர். கடல் இயற்கையின் ஆக்கம். போதிய படகும் மருத்துவரும் இல்லாமை மனிதர் செய்யும் தெரிவு.

இக்கடல்வழியே துயரத்தின் வழியுமாயிற்று. 1985 மே 15ஆம் நாள் குமுதினிப் படகிலே பெண்களும் குழந்தைகளும் உள்ளிட்ட இருபதுக்கு மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். கடற்படையினரே அதனைச் செய்தனர் எனத் தப்பியோர் சாட்சியம் கூறினர். படகைத் தவிர வேறு பாதையில்லாத மக்களுக்கு அப்பாதையும் அச்சமாயிற்று. முன்னரே நீரும் நிலமும் தேடி வன்னிக் குடியேற்றங்களுக்குப் பலர் பெயர்ந்திருந்தனர். போர் மேலும் பலரைப் பெயர்த்தது. இன்று பல வேலிகளுக்குள்ளே வீடுகள் வெறுமையாய் நிற்கின்றன. எஞ்சியோருள் வலை வீசுவோர், எல்லை கடந்துவரும் இழுவைப் படகுகளால் தம் வலைகளை இழக்கின்றனர். அப்படகுகளிற் கூலிக்கு உழைப்போரும் ஏழைகளே என்பதை நாம் மறத்தலாகாது.

நெடுந்தீவுக்குத் தனியான பிரதேச சபை உண்டு. ஆயினும் சபை என்பது கட்டடமன்று. தம் நீரையும் வழியையும் பற்றித் தாமே தீர்மானிக்கும் மக்களின் உரிமை அது. கல்லைப் பெயர்த்து வேலியாக்கத் தெரிந்த மக்களுக்கு நமது இரக்கம் வேண்டியதில்லை. அவர்களுக்கு வேண்டியது படகும் நீரும் மருத்துவரும். அவற்றைக் கேட்கும் குரலோடு நமது குரலையும் சேர்ப்பதே, சரித்திரம் கற்பிக்கும் நாம் அவ்வேலிகளுக்குச் செலுத்தக்கூடிய மரியாதை.