முதுமைக்கு ஒரு திட்டம்: கேரளம் கற்ற பாடம்

எதிர்காலத்திற்குத் திட்டம் தீட்டும் எந்த அரசும் பெரும்பாலும் ஊகத்தையே நம்பியிருக்க வேண்டியிருக்கிறது. அடுத்த ஆண்டு மழை எவ்வளவு பெய்யும், பத்தாண்டு கழித்து எண்ணெய் என்ன விலைக்கு விற்கும் என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் ஓரளவு துல்லியமாகவே விடை சொல்லலாம். 2050ஆம் ஆண்டில் 60 வயதை எட்டியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதே அந்தக் கேள்வி. ஏன் சொல்ல முடிகிறது தெரியுமா? அவர்கள் அனைவரும் 1990ஆம் ஆண்டுக்குள் பிறந்துவிட்டவர்கள். இன்று நம்மிடையே நடமாடிக்கொண்டிருப்பவர்கள். அவர்களை எண்ணிவிடலாம்.

ஆகவே, முதியோர் பெருக்கம் என்பது சொல்லாமல் வரும் புயல் அன்று. பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஓலை அனுப்பிவிட்டு வரும் விருந்தாளி. அந்த ஓலையைப் படித்து, வீட்டை ஒழுங்கு செய்துவைப்பது ஓர் அரசால் எவ்வளவு தூரம் முடியும்? இந்தியாவில் இக்கேள்வியை முதலில் சந்தித்த பெரிய மாநிலம் நம் அண்டை மாநிலமான கேரளம். அதன் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

மக்கள்தொகைக்கு வயது கூடுவது எதனால்?

மக்கள் நீண்ட காலம் வாழ்வதால்தான் முதியோர் விகிதம் உயர்கிறது என்று பலரும் எண்ணுகிறோம். இது பாதி உண்மையே. இதைவிட வலுவான காரணம் பிறப்பு குறைவது.

ஒரு சிறு கணக்கால் இதை விளங்கிக்கொள்ளலாம். ஒரு சிற்றூரில் 40 சிறுவர்கள், 54 நடுவயதினர், 6 முதியோர் என மொத்தம் 100 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதியோர் நூற்றுக்கு 6. பிறப்பு குறைந்து, சிறுவர் எண்ணிக்கை மட்டும் 20 ஆகிறது என்போம். இப்போது ஊரில் இருப்பவர்கள் 80 பேர். முதியோர் அதே 6 பேர்தாம். ஒருவர்கூடக் கூடவில்லை, எவருடைய ஆயுளும் நீளவில்லை. ஆயினும் அவர்களுடைய விகிதம் நூற்றுக்கு ஏழரையாக உயர்ந்துவிட்டது. தொட்டிலில் ஏற்படும் மாற்றம் திண்ணையில் தெரிகிறது எனலாம்.

கேரளத்தில் நடந்தது இதுவே. 1971இல் இந்தியாவில் ஒரு பெண் சராசரியாகப் பெற்ற குழந்தைகள் 5.2, கேரளத்தில் 4.1. பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டு நிறையுமுன் இறந்தவர்கள் இந்திய அளவில் 129, கேரளத்தில் 58. பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கையும் பெண்கல்வியும் குடும்பத்தின் அளவைச் சுருக்கின. 1980களின் இறுதியில் ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ இரண்டு குழந்தைகள் என்ற நிலையைக் கேரளம் எட்டிவிட்டது.

இதன் விளைவைப் பாருங்கள். 1961இல் கேரளத்தின் முதியோர் விகிதம் அகில இந்திய அளவைவிடச் சற்றுக் குறைவாகவே இருந்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலோ இந்தியாவில் நூற்றுக்கு 8.6 பேர் 60 வயதைக் கடந்தவர்கள், கேரளத்தில் 12.6 பேர். மருத்துவமும் கல்வியும் பெற்ற வெற்றியின் மறுபக்கமே இது. தாய்மார்களும் சிசுக்களும் பிழைத்ததால் வந்த முதுமை. ஆகவே இதை ஒரு நோயாகக் கருதுவது தவறு.

ஆனால் வேகம் கவலை தருவதுதான். பிரான்சு நாட்டில் 65 வயதுக்கு மேற்பட்டோர் நூற்றுக்கு 7இலிருந்து 14ஆக உயர ஒரு நூற்றாண்டுக்கும் மேலாயிற்று. ஜப்பானில் அதே மாற்றம் 1970ஐ ஒட்டித் தொடங்கி, கால் நூற்றாண்டில் முடிந்துவிட்டது. பிரான்சு செல்வம் சேர்த்த பிறகு மூத்தது. நம் மாநிலங்களோ செல்வம் சேர்க்கும்போதே மூத்துக்கொண்டிருக்கின்றன.

முன்கூட்டியே எண்ணும் முறை

கேரள மாநிலத் திட்ட வாரியம் 1967இல் அமைந்தது. முதலமைச்சரே அதன் தலைவர். மத்தியத் திட்டக் குழு கலைக்கப்பட்டு, 2015இல் நிதி ஆயோக் வந்த பின்னரும் கேரளம் ஐந்தாண்டுத் திட்டங்களைக் கைவிடவில்லை. 2022 முதல் 2027 வரையிலானது அதன் பதினான்காம் திட்டம்.

இத்தகைய அமைப்புகள் வருங்கால முதியோரை எப்படிக் கணக்கிடுகின்றன? முறை எளிமையானது. மக்களை ஐந்தைந்து வயதாகப் பிரித்துக்கொள்வார்கள். 50 முதல் 54 வயதுக்குள் இத்தனை பேர். அந்த வயதில் ஐந்தாண்டுக்குள் இறப்போர் விகிதம் இவ்வளவு. அதைக் கழித்தால் மிஞ்சுவோர், ஐந்தாண்டு கழித்து 55 முதல் 59 வயதுக்குள் இருப்பார்கள். ஒவ்வொரு பிரிவையும் இப்படி ஒரு படி மேலேற்றிக்கொண்டே போக வேண்டியதுதான். வெளியூர் செல்வோரையும் வருவோரையும் கழித்துக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இந்த முறைப்படி கணித்ததில் கேரளத்தின் முதியோர் விகிதம் 2021இல் 16.5 என்றும், 2031இல் 20.9 என்றும் கிடைத்தது. அதாவது ஐவரில் ஒருவர். 2031இல் 60 வயதாகிறவர் 1971இல் பிறந்தவர். குடும்பங்கள் இன்னும் பெரிதாக இருந்த காலத்தவர். இரண்டு குழந்தைக் குடும்பத்தின் முதல் தலைமுறை 60ஐத் தொடுவதோ 2048ஐ ஒட்டி. அதுவரை பெரிய தலைமுறைகள் முதுமைக்குள் நுழைந்துகொண்டே இருக்கும். அவர்களைத் தாங்க வேண்டிய தலைமுறைகள் சிறிதாகிக்கொண்டே போகும்.

இவை கணிப்புகளே என்பதை மறக்கலாகாது. 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடைபெறவில்லை. பின்னர் அது 2027ஆம் ஆண்டுக்கென அறிவிக்கப்பட்டது. பழைய எண்ணிக்கையை வைத்துப் புதிய திட்டம் தீட்டுவது, சென்ற ஆண்டு அளவெடுத்த சட்டையை வளரும் பிள்ளைக்குத் தைப்பது போன்றது.

முதற்படி: கையில் காசு

எண்ணிவிட்டால் போதுமா? எண்ணியவர்களுக்கு என்ன செய்வது என்பதல்லவா முக்கியம்?

முதியோருக்கு அரசு பொறுப்பு என்ற எண்ணம் சட்டமானது 1889இல், ஜெர்மனியில். தொழிலாளி, முதலாளி, அரசு ஆகிய மூவரும் பணம் செலுத்த, 70 வயதானவருக்கு ஓய்வூதியம் என்பது அந்த ஏற்பாடு. ஆலைத் தொழிலாளிக்கு இது பொருந்தும். நாற்று நடும் பெண்ணுக்கு முதலாளி யார்? இன்று ஒருவர் வயல், நாளை இன்னொருவர் வயல். சம்பளச் சீட்டே இல்லாதவரிடம் சந்தா பிடிப்பது எவ்வாறு?

இந்திய அரசியலமைப்பின் 41ஆம் பிரிவு, முதுமையில் உதவி பெறும் உரிமைக்கு ஏற்பாடு செய்யுமாறு அரசுக்கு வழிகாட்டுகிறது; ஆனால் பொருளாதார வசதிக்கு உட்பட்டு என்றும் சொல்லி வைத்திருக்கிறது. 1980இல் கேரளம் விவசாயத் தொழிலாளர் ஓய்வூதியத்தைத் தொடங்கியது. 60 வயதான ஏழைக் கூலிக்கு மாதம் 45 ரூபாய். சிறு தொகைதான். ஆனால் அதன் உட்பொருள் பெரிது. அதுவரை ஓய்வு என்ற சொல் அலுவலகத்தில் வேலை பார்த்தவருக்கே உரியதாயிருந்தது. சேற்றில் நின்று உழைத்தவருக்கும் ஓய்வு உண்டு என்று ஒரு மாநிலம் ஒப்புக்கொண்டது அப்போதுதான். மத்திய அரசின் தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம் 1995இல், மாதம் 75 ரூபாயுடன் வந்தது.

கேரளத்தின் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் 2021இல் 1,600 ரூபாயாகவும், 2025 நவம்பரில் 2,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. முதியோர், கைம்பெண்கள், மாற்றுத்திறனாளிகள் எனப் பெறுவோர் 60 லட்சத்திற்கும் மேல். நீங்களே பெருக்கிப் பாருங்கள். மாதம் 1,200 கோடி ரூபாய் வருகிறது. 2023, 2024ஆம் ஆண்டுகளில் பல மாதத் தொகை நிலுவையில் நின்றதன் காரணம் இப்போது விளங்கும். மருந்துக் கடையில் கடன் சொல்லி நிற்கும் மூதாட்டிக்கு, ஆறு மாதம் கழித்து மொத்தமாக வரும் பணம் ஓய்வூதியம் ஆகாது. திட்டம் என்பது அறிவிப்பு மட்டுமன்று. மாதந்தோறும் தவறாமல் வந்து சேர்வதே திட்டம்.

இரண்டாம் படி: வீடு தேடி வரும் மருத்துவம்

காசு மட்டும் போதாது என்பதைக் கேரளம் விரைவில் கண்டுகொண்டது. முதுமையின் நோய்கள் ஒரு வாரத்தில் குணமாகிற காய்ச்சல் போன்றவை அல்ல. பக்கவாதம், மூட்டுத் தேய்வு, புற்றுநோய், மறதி நோய் ஆகியவை ஆண்டுக்கணக்கில் நீடிப்பவை. படுத்த படுக்கையாகிவிட்டவரை மாதந்தோறும் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல யார் இருக்கிறார்கள்? 2023ஆம் ஆண்டுக் கேரளக் குடிபெயர்வு ஆய்வின்படி, வெளிநாடுகளில் வாழ்ந்த கேரளத்தவர் ஏறத்தாழ 22 லட்சம் பேர். மகன் அனுப்பும் பணம் வங்கிக்கு வரும். முதுகைப் பிடித்து எழுப்பி உட்காரவைக்கும் கை வராது.

இதற்கு விடை அரசு அலுவலகத்தில் பிறக்கவில்லை. 1993இல் கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் முதலியோர் வலி தணிப்புச் சிகிச்சைக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினர். சில ஆண்டுகளில் மலப்புறம் போன்ற மாவட்டங்களில் அது மக்கள் இயக்கமாயிற்று. ஊர்க்காரர்களே பயிற்சி பெற்று, தத்தம் தெருவிலுள்ள நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள். 2008இல் கேரள அரசு இதைத் தன் கொள்கையாக ஏற்றது. இந்தியாவில் இத்தகைய கொள்கை வகுத்த முதல் மாநிலம் அதுவே.

இது பரவியதற்கு இன்னொரு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில், மாநிலத் திட்ட நிதியில் நூற்றுக்கு 35 முதல் 40 பங்கை உள்ளாட்சிகளிடம் கொடுக்கக் கேரளம் முடிவு செய்தது. எந்த வீட்டில் யார் படுக்கையில் கிடக்கிறார் என்பது தலைநகரிலுள்ள வாரியத்திற்குத் தெரியாது. பஞ்சாயத்து உறுப்பினருக்குத் தெரியும். அந்தப் பஞ்சாயத்தின் கையிலேயே பணமும் வந்ததால், வீடு வீடாகச் செல்லும் செவிலியை நியமிக்க முடிந்தது. பகலில் முதியோர் கூடியிருக்கும் ‘பகல் வீடு’களும் உள்ளாட்சிகளின் முயற்சியால் எழுந்தன.

மூன்றாம் படி: ஓர் ஆணையம்

காசும் மருந்தும் கிடைத்த பின்னரும் ஒரு குறை எஞ்சியது. சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு கைவிடும் பிள்ளைகள், தனிமை, அவமதிப்பு ஆகியவற்றுக்கு எங்கே முறையிடுவது? 2007ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், பெற்றோரைப் பேணாத பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை பெற்றுத்தரத் தீர்ப்பாயங்களை அமைத்தது. ஆனால் பெற்ற மகன்மேல் மனுக் கொடுக்க எத்தனை தாய்மாருக்கு மனம் வரும்?

2025 மார்ச் மாதம் கேரளச் சட்டமன்றம் முதியோர் ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. இந்திய மாநிலங்களில் இதுவே முதல் முயற்சி. முதியோரின் உரிமைகளைக் காப்பதும், புறக்கணிப்பு, சுரண்டல் பற்றிய முறையீடுகளைக் கவனிப்பதும், அரசுக்கு ஆலோசனை சொல்வதும் அதன் பணிகள். அவர்களுடைய அனுபவத்தையும் திறமையையும் சமுதாயத்திற்குப் பயன்படுத்துவதும் அப்பணிகளுள் ஒன்று.

கடைசியாகச் சொன்னதைச் சற்றுச் சிந்தியுங்கள். திட்ட அறிக்கைகளில் ‘சார்ந்திருப்போர் விகிதம்’ என்று ஒன்று வரும். 15 முதல் 59 வயதுள்ள நூறு பேருக்கு எத்தனை முதியோர் என்பதே அது. 2021இல் கேரளத்திற்கு அது ஏறத்தாழ 26. இந்தக் கணக்கு, 60ஐத் தொட்டவுடன் ஒருவரைச் சுமை என்று எழுதிவிடுகிறது. பேரனைப் பள்ளிக்குக் கொண்டுவிடும் தாத்தாவும், இன்றும் களை பறிக்கும் பாட்டியும் அதில் சுமைகள்! எண்ணிக்கை இல்லாமல் திட்டம் இல்லை. ஆனால் எண்ணிக்கையே மனிதர் ஆகிவிடாது. முதியோருக்கென ஓர் ஆணையம் வைப்பதன் பயன், எண்ணப்படுகிறவர்களின் குரல் எண்ணுகிறவர்களின் காதில் விழுவதே. அப்பயன் கிட்டுமா என்பதை அதன் செயல்தான் காட்ட வேண்டும்.

நமக்கு என்ன?

தமிழ்நாட்டின் முதியோர் விகிதம் 2011இல் 10.4. கணிப்பின்படி 2021இல் 13.6; 2031இல் 18.2. கேரளம் பத்தாண்டுக்கு முன் நடந்த பாதையில் நாம் ஏறக்குறைய அதே அடிச்சுவட்டில் நடக்கிறோம். முன்னே செல்பவர் தடுக்கி விழுந்த கல் எது என்று பார்த்து நடக்கும் வசதி நமக்கு உண்டு.

கேரளத்தில் காசு 1980இல் வந்தது; வீடு தேடி வரும் மருத்துவம் 2008இல் கொள்கையாயிற்று; முறையிட ஓர் ஆணையம் 2025இல் வந்தது. மூன்றுக்குமாக நாற்பத்தைந்து ஆண்டுகள். அந்த இடைவெளியில் முதுமையடைந்து மறைந்தவர்கள் எத்தனையோ பேர். பின்னால் வரும் மாநிலங்களுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. நீங்கள் பதினைந்து வயது மாணவர் என்றால், இன்னும் 45 ஆண்டுகளில் இந்தக் கணக்கில் நீங்களும் ஓர் எண். இன்று திட்டம் தீட்டுவது யாரோ ஒரு கிழவருக்காக அன்று. அது உங்களுக்காகவே.