எலும்புப் புற்றின் வலி: ஆய்வுக்கூடத்து வரலாறு

மார்பகம், புரோஸ்டேட், நுரையீரல் ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய் முற்றும்போது அடிக்கடி பரவும் இடங்களுள் ஒன்று எலும்பு. அங்கே குடியேறிய கட்டி இரண்டு விதமாக வலிக்கும். நாள் முழுக்க அடங்காத குடைச்சல் ஒன்று. திரும்பிப் படுத்தாலோ இருமினாலோ சுளீரென்று வெட்டும் வலி மற்றொன்று. பின்னதற்குத்தான் மருந்து எளிதில் பிடிபடுவதில்லை. அசையாமல் படுத்திருப்பவருக்குப் போதுமான மார்ஃபின், அவர் எழுந்து நின்றதும் போதாமல் போகிறது. எழுந்து நடக்கும் அளவுக்குக் கொடுத்தால் மற்ற நேரமெல்லாம் தூக்கமும் மலச்சிக்கலும்தான் மிச்சம்.

புற்றுவலிக்கு மருந்தைப் படிப்படியாக உயர்த்தும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1986இல் வகுத்தது. ஆனால் எலும்பிலிருந்து அந்த வலி எப்படிக் கிளம்புகிறது என்பது அப்போது தெளிவாகவில்லை. வலி ஆய்வுக்கூடங்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளையே நம்பியிருந்தன: விலங்கின் பாதத்தில் எரிச்சலூட்டும் பொருளைச் செலுத்தி வீங்கவைப்பது, அல்லது காலுக்குச் செல்லும் நரம்பைக் காயப்படுத்துவது. 1988இல் பென்னட், ஷீ என்னும் ஆய்வாளர்கள் எலியின் சியாட்டிக் நரம்பைச் சுற்றித் தளர்வாக நூல் கட்டிய முறை இரண்டாம் வகையில் புகழ்பெற்றது. புற்றணுக்களை இரத்தத்தில் செலுத்திப் பார்த்தால் கட்டி பல இடங்களில் முளைத்தது, விலங்கே நோயுற்றுத் தளர்ந்தது. அதன் சோர்வில் எது வலி, எது நோய் என்று பிரிக்க முடியவில்லை.

இந்தச் சிக்கலை 1999இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் மான்டி, டெனிஸ் க்ளோகிசி குழுவினர் அவிழ்த்தனர். மயக்க மருந்து கொடுத்த சுண்டெலியின் தொடையெலும்பில், முழங்கால் பக்கமாகத் துளையிட்டு, எலும்பு அரிப்பைத் தூண்டும் சார்கோமா என்னும் வகைப் புற்றணுக்களை மஜ்ஜைக்குள் செலுத்தினார்கள். துளையை அப்படியே விட்டிருந்தால் அணுக்கள் கசிந்து தசையில் கட்டியாகியிருக்கும். அதனால் சொத்தைப் பல்லை அடைக்கும் அமால்கத்தைக் கொண்டே துளையை மூடினார்கள். கட்டி ஓர் எலும்புக்குள் அடங்கியது. மற்ற கால் ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைத்தது. இந்தத் துறையின் திருப்புமுனை என்று இந்தச் சிறு அடைப்பைச் சொன்னால் மிகையாகாது.

எலி வலியைச் சொல்லாது. நடத்தையை எண்ணித்தான் அறியவேண்டும். குறிப்பிட்ட நேரத்தில் எத்தனை முறை காலை உதறுகிறது, எவ்வளவு நேரம் தரையில் ஊன்றாமல் தூக்கி வைத்திருக்கிறது, தொடையை மெல்ல அழுத்தினால் எப்படித் துடிக்கிறது என்று குறித்தார்கள். எலும்பு கரையக் கரைய இந்த எண்ணிக்கையும் ஏறியது.

அடுத்து, தண்டுவடத்தைச் சோதித்தபோது எதிர்பாராதது தெரிந்தது. வீக்கத்தில் தண்டுவடத்து வேதிப்பொருள்கள் ஒருவிதமாக மாறும், நரம்புக் காயத்தில் வேறுவிதமாக மாறும். எலும்புப் புற்றில் தெரிந்த மாற்றம் இவ்விரண்டிலும் சேரவில்லை. நரம்பணுக்களைத் தாங்கி நிற்கும் ஆஸ்ட்ரோசைட் அணுக்கள் பெரிதும் பருத்திருந்தன. 2000இல் வெளியான ஒப்பீடு, இது தனி வகை வலி என்பதை நிறுவியது. 2002இல் அதே குழுவின் இன்னோர் ஆய்வு மருத்துவர்களின் அனுபவத்துக்குச் சான்றானது: ஏறத்தாழ அதே அளவு வீக்க வலியை அடக்கத் தேவைப்பட்டதைப் போலப் பத்து மடங்கு மார்ஃபின் எலும்புப் புற்றுக்குத் தேவைப்பட்டது. அதே ஆண்டில், மார்பகப் புற்றணுக்களை எலியின் கீழ்க்கால் எலும்பில் செலுத்தும் முறையும் வந்தது. உடல் பெரிதான எலியில் நரம்பணுக்களின் மின்துடிப்பைப் பதிவுசெய்வது எளிது.

எலும்பை அரிப்பவை பெரும்பாலும் புற்றணுக்களல்ல. அவற்றால் தூண்டப்படும் ஆஸ்டியோகிளாஸ்ட் என்னும் உடலின் சொந்த அணுக்கள். இவை அமிலத்தைச் சுரந்து எலும்பைக் கரைக்கின்றன. அந்த அமிலம் அருகிலுள்ள வலி நரம்புகளைத் தூண்டுகிறது. ஆஸ்டியோபுரோடெகெரின் என்னும் புரதத்தைக் கொடுத்து இவ்வணுக்களை ஒடுக்கியபோது சுண்டெலிகளில் எலும்புச் சிதைவோடு வலியும் குறைந்ததாக 2000இலேயே காட்டப்பட்டது. இவ்வணுக்களைத் தூண்டும் அதே பாதையைத் தடுக்கும் டெனோசுமாப் என்னும் மருந்து, எலும்புக்குப் பரவிய புற்றில் முறிவு போன்ற சிக்கல்களைத் தடுக்க 2010இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

எல்லாம் இப்படிக் கைகூடவில்லை. நரம்பு வளர்ச்சிக் காரணியைத் தடுத்தால் சுண்டெலிகளின் வலி வெகுவாகக் குறைந்தது. அதே வழியில் மனிதருக்காக உருவான டானெசுமாப் என்னும் மருந்து, மூட்டுத் தேய்மான வலிச் சோதனைகளில் சிலருக்கு மூட்டையே விரைவில் சிதைத்தது. சில வாரமே நோயோடு வாழும் சுண்டெலியில் இப்படிப்பட்ட கேடு தெரிய வாய்ப்பு குறைவு. மனிதருக்குப் புற்று வேறோர் உறுப்பிலிருந்து எலும்புக்கு வருகிறது. சுண்டெலிக்கோ அது ஊசி வழியே நேரே எலும்பில் இறங்குகிறது. இந்த இடைவெளியைக் குறைக்க, இயல்பாகவே எலும்புப் புற்று வந்த வளர்ப்பு நாய்களின் பக்கமும் ஆய்வாளர்கள் திரும்பினர். அவற்றின் தண்டுவட நீரில் ரெசினிஃபெராடாக்சின் என்னும் பொருளைச் செலுத்தியபோது வலி தணிந்தது. பின்னர் அது புற்று முற்றிய மனிதர்களிடமும் சோதிக்கப்பட்டது.

விலங்கு படும் துன்பத்தைப் பற்றிய கேள்வி தொடக்கம் முதலே உண்டு. 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்னும் ஆய்வாளர்கள் விலங்குச் சோதனைக்கு மாற்று வழி, எண்ணிக்கைக் குறைப்பு, வதை தணிப்பு என்ற மூன்று நெறிகளை முன்வைத்தனர். பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 1983இல் தன் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. வலி ஆய்வில் இந்த நெறிகளைக் கடைப்பிடிப்பது மற்றத் துறைகளைவிடக் கடினம்: வலிநிவாரணி கொடுத்தால் அளக்க வேண்டியதே மறைந்துவிடும். எனவே நோய் ஒரு வரம்பைத் தாண்டுமுன் சோதனையை முடித்து, விலங்கை வலியின்றிக் கொல்வதே நடைமுறையாகியுள்ளது.